பாப்போ என்றால் மண்டு

நெல்லோ: அசையாதே.

மார்ட்சியா: நான் எங்க அசைஞ்சேன்?

நெல்லோ: மூச்சு விட்டே.

மார்ட்சியா: அதுவும் கூடாதா?

நெல்லோ: விடு, விடு. ஆனா மெதுவா. இப்பதான் என் வயித்துமேல அடங்கியிருக்கா உன் பொண்ணு. உடம்பெல்லாம் தூங்கிடுச்சு, மூக்கு நுனி மட்டும் இன்னும் முழிச்சிருக்கு.

மார்ட்சியா: எங்க காட்டு... ஆமா! துடிக்குது.

நெல்லோ: கனவுல ஏதோ தின்னுட்டிருக்கா.

மார்ட்சியா: இடுப்புல துண்டைப் போட்டு விடுண்ணா. காத்து பட்டுடும்.

நெல்லோ: எந்தக் காத்து? மரத்துல ஒரு இலை அசையல. இந்த ஆகஸ்ட் வெயில்ல காத்துன்னு ஒண்ணு வந்தா நானே எழுந்து நின்னு வரவேற்பேன்.

மார்ட்சியா: வராதுன்னு நினைக்கறப்பதான் வரும். வயித்துல பட்டுச்சுன்னா ராத்திரி முழுக்க நான்தான் முழிச்சுக்கிட்டு உக்காரணும். போடு.

நெல்லோ: போட்டாச்சு தாயே. பேசாம அந்த அக்ரூட் மரத்தடிக்குப் போயிருக்கலாம். அங்க நிழல் கெட்டியா இருக்கு.

மார்ட்சியா: அக்ரூட் மரத்தடியில குழந்தையை யாராவது தூங்க வைப்பாங்களா? தலைவலியோட எந்திரிக்கும்.

நெல்லோ: உனக்கு எங்க போனாலும் ஒரு பயம். காத்துக்குப் பயம், மரத்துக்குப் பயம்...

மார்ட்சியா: ஒரு வயசுக் குழந்தையோட லீவுக்கு வந்தா இப்படித்தான். நீயும் ஒண்ணு பெத்துப் பாரு, தெரியும்.

நெல்லோ: நாப்பத்திரண்டு வயசுல, லிவோர்னோ டவுன் பஸ் ஓட்டறவனுக்கு யாரு பொண்ணு தரப்போறா... ஷ்ஷ். கை அசைஞ்சுது.

மார்ட்சியா: ...

நெல்லோ: ...

மார்ட்சியா: தூங்கிட்டாளா?

நெல்லோ: ம்.

மார்ட்சியா: எனக்கும் கண்ணு சொக்குது. அந்தக் குன்றைப் பாரேன்... கீழ ஒண்ணுமில்லாம அந்தரத்துல நிக்கற மாதிரி இல்ல?

நெல்லோ: வெயில்ல அப்படித்தான் தெரியும்.

மார்ட்சியா: இந்தப் பத்து நாளும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. காலையில ஜன்னலைத் திறந்தா வைக்கோல் வாசனை. எதுக்கு எழுந்தோம்னு ஞாபகமில்லாமயே சாயங்காலம் ஆயிடுது. சில்வண்டு கத்திக்கிட்டே இருக்கு. அது திடீர்னு நின்னா பயமா இருக்கும்போல.

நெல்லோ: நாளைக்கு நின்னுடும்.

மார்ட்சியா: சில்வண்டா?

நெல்லோ: லீவு.

மார்ட்சியா: அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறே? நாளைக்கு இந்நேரம் சவேரியோ ஜெனோவா ரயில்ல இருப்பான். அப்புறம் கப்பல். அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் போன்ல மூஞ்சி.

நெல்லோ: எங்க போனான் உன் புருஷன்? ஓடையில ஊறப்போட்ட தர்பூசணியை எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா?

மார்ட்சியா: கால் நனைச்சுக்கிட்டு நிப்பான். சாப்பிட்ட வயித்தோட தண்ணில இறங்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

நெல்லோ: கப்பல்ல வேலை பாக்கறவனுக்குத் தண்ணியப் பத்திச் சொல்றே.

மார்ட்சியா: கப்பல்ல மூணு தட்டு பாஸ்தா கிடைக்காது. இன்னிக்கு மூணு தட்டு. என்னமோ இதுதான் கடைசி சாப்பாடுங்கற மாதிரி... அண்ணா.

நெல்லோ: என்ன?

மார்ட்சியா: அவ இன்னும் சொல்லலையே.

நெல்லோ: சொல்லுவா.

மார்ட்சியா: எப்ப? நாளைக்குக் காலையில கிளம்பறான். தினமும் விடியறதுக்குள்ள அவளைத் தூக்கிட்டு வைக்கோல்கட்டுப் பக்கம் போயிடறான். ஜன்னல் வழியா எனக்குக் கேக்குது. "பப்பாஆ... பப்பாஆ... அப்பாவைப் பாரு, சொல்லு, பப்பாஆ..." பாவமா இருக்குண்ணா. வாயை அவ்வளவு பெரிசாத் திறந்து காட்டறான்.

நெல்லோ: இவ என்ன பண்றா?

மார்ட்சியா: அவன் பல்லைப் பிடிச்சு இழுக்கறா.

நெல்லோ: சிரிக்காதே. வயிறு குலுங்குது, முழிச்சுக்குவா.

மார்ட்சியா: நீதான் சிரிக்கறே. நான் அழப்போறேன். முதல் நாள் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு இந்த லீவுல வேற ஒண்ணும் வேண்டாம் மார்ட்சியா, ஒரே ஒரு தடவை அவ என்னை அப்பான்னு கூப்பிட்டுக் கேட்டுட்டுக் கப்பலேறணும்"னான். நான் தலையாட்டினேன். நெஞ்சுல கல்லை வெச்சுக்கிட்டுத் தலையாட்டினேன்.

நெல்லோ: தப்பு என்னோடதுதான்.

மார்ட்சியா: உன் தப்பு எங்க வந்துச்சு?

நெல்லோ: அந்த வார்த்தையை நான் வாங்கியிருக்கக்கூடாது.

மார்ட்சியா: நீயா கேட்டு வாங்கினே? குழந்தைங்க காப்பகத்துல அவ பாத்தது அது. சாயங்காலம் கதவுல எந்த ஆம்பளை வந்து நின்னாலும் அத்தனை குழந்தைங்களும் "பாப்போ! பாப்போ!"ன்னு கத்துதுங்க. டஸ்கனில எல்லாக் குழந்தையும் அப்பாவை அப்படித்தானே கூப்பிடும்? இவளுக்குன்னு கதவுல வந்து நின்னது நீ. அவ கண்டுபிடிச்சுட்டா, இதுதான் நம்ம பாப்போன்னு.

நெல்லோ: நான் திருத்தினேன். நான் மாமா, ஸீயோ, ஸீயோன்னு சொல்லுன்னு பஸ்ல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். அந்த "ஸ்" அவ வாய்க்கு வரல. எச்சில்தான் வந்துச்சு. அப்புறம்...

மார்ட்சியா: அப்புறம்?

நெல்லோ: அப்புறம் ஒருநாள் திருத்தறதை விட்டுட்டேன். நல்லா இருந்துச்சு மார்ட்சியா. பொய் சொல்ல மாட்டேன். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.

மார்ட்சியா: தெரியும்.

நெல்லோ: நான் இந்த லீவுக்கு வந்திருக்கவே கூடாது.

மார்ட்சியா: வரலேன்னா சவேரியோ கேப்பானே, மச்சான் எங்கன்னு. அவன்தானே உனக்கும் சேத்து வீடு பிடிக்கச் சொன்னான்.

நெல்லோ: வந்த அன்னிக்கு எனக்கு உசிரே போச்சு. கார்ல இருந்து பெட்டியை இறக்கிட்டிருக்கேன். பின்னால இருந்து மணி அடிச்ச மாதிரி, "பாப்போ!" அவ இருக்கறது சவேரியோ கையில!

மார்ட்சியா: எனக்கு மட்டும்? கையில இருந்த பால்புட்டியைக் கீழ போட்டேன். அப்புறம் பாத்தா அவன் சிரிக்கறான்.

நெல்லோ: கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். "என் பொண்ணு சிசிலிக்காரிடா! என் ரத்தம்! உன்னை மண்டுங்கறா மச்சான், பாப்பூன்னு சொல்றா!"

மார்ட்சியா: அவங்க ஊர்ல பாப்பூன்னா மண்டுன்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. கும்பிட்டேன், அவன் ஊர் மாதாவை.

நெல்லோ: நம்பிட்டான்னு நினைக்கறியா?

மார்ட்சியா: நம்பலேன்னா பத்து நாளா உன்னை மண்டு மண்டுன்னு கூப்பிடுவானா? வீட்டுக்காரம்மாவுக்கே உன் பேரு மண்டுதான் தெரியும்.

நெல்லோ: பாப்போன்னா இங்க அப்பான்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? கிறிஸ்துமஸ் தாத்தா பேருலயே அந்த வார்த்தை இருக்கே. இத்தாலி முழுக்க அதே பேரு.

மார்ட்சியா: தெரியும்ணா. ஆனா தோணலை. சின்ன வயசுல கேட்ட பேச்சுதான் காதுல முந்திக்கும். அவன் தூக்கத்துல பேசறதே சிசிலிப் பேச்சு. அதுவும் குழந்தை வாயில கடைசி எழுத்து ஓவா ஊவான்னு யாருக்குத் தெரியும்? தோணலை, அவ்வளவுதான். தோண வேண்டாம். நாளைக்குக் கிளம்பற வரைக்கும் தோண வேண்டாம்.

நெல்லோ: நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன்.

மார்ட்சியா: என்ன முடிவு?

நெல்லோ: தூரத்துல, அரெஸ்ஸோ டிப்போல ஆள் கேக்கறாங்க. செப்டம்பர்ல இருந்து போறேன்னு சொல்லிட்டேன்.

மார்ட்சியா: என்னது?

நெல்லோ: மெதுவா...

மார்ட்சியா: என்ன மெதுவா? நான் வேலைக்குப் போனா இவளை யாரு காப்பகத்துல இருந்து கூட்டிட்டு வர்றது? என்னைக் கேக்காம...

நெல்லோ: வேற ஆளு பாத்துக்கலாம். பொம்பளையாப் பாரு. நாலு மாசம் என்னைப் பாக்கலேன்னா மறந்துடுவா. குழந்தைதானே. கிறிஸ்துமஸுக்கு அவன் வரும்போது அந்த வார்த்தை காலியா இருக்கும். அவன் எடுத்துக்கலாம்.

மார்ட்சியா: வார்த்தை என்ன பஸ் சீட்டா, நீ எழுந்தா அவன் உக்கார?

நெல்லோ: ஆமா. அப்படித்தான்.

மார்ட்சியா: உனக்கு முடியுமா? நாலு மாசம் இவளைப் பாக்காம?

நெல்லோ: துண்டு நழுவுது பாரு.

மார்ட்சியா: நெல்லோ, உன்னைத்தான் கேக்கறேன்.

சவேரியோ: மச்சான்! ஏ மண்டு!

மார்ட்சியா: ஷ்ஷ்! கத்தாதே! தூங்கறா!

சவேரியோ: தூங்கறாளா... சரி சரி. வாயை மூடிக்கிட்டேன். முனகலாமா?

மார்ட்சியா: என்னடா இது, இடுப்புவரைக்கும் நனைஞ்சிருக்கே! தண்ணில இறங்காதேன்னு சொன்னேனா இல்லையா?

சவேரியோ: நான் இறங்கல. பழம் இறங்கிச்சு. நான் பின்னாலயே போனேன்.

நெல்லோ: ஓடிப்போச்சா?

சவேரியோ: என்னைப் பாத்ததும் உருண்டுச்சு பாரு, ஜெனோவாவுக்கு எனக்கு முன்னாடி போயிடும்போல இருந்துச்சு. கரும்பாறையில இடிச்சு நின்னுச்சு. தூக்கிப் பாரு, எவ்வளவு குளுமை.

மார்ட்சியா: முதல்ல சட்டையைக் கழட்டிப் பிழி. இந்தக் கோலத்துல குழந்தையைத் தூக்காதே.

சவேரியோ: தூக்க விட்டாத்தானே? அவ எப்ப பாத்தாலும் இந்த மண்டு வயித்துமேலதான் தூங்கறா. ஏன் மச்சான், என் வயித்துக்கு என்ன குறைச்சல்?

நெல்லோ: உன்னுது பலகை. என்னுது மெத்தை.

சவேரியோ: பலகைதான். நாலு தட்டு தின்னாலும் பலகைதான்.

மார்ட்சியா: மூணுன்னு நினைச்சேன்!

சவேரியோ: ஒண்ணு நீ திரும்பினப்ப. நகரு, உக்காரறேன்... அப்பாடா. என்ன பேசிட்டிருந்தீங்க? நான் வந்ததும் ரெண்டு பேரும் பூனை மாதிரி முழிக்கறீங்க.

மார்ட்சியா: ஒண்ணுமில்ல.

நெல்லோ: சில்வண்டைப் பத்தி.

சவேரியோ: சில்வண்டைப் பத்தியா. ம்... கப்பல்ல படுத்திருக்கும்போது இஞ்சின் சத்தம் இப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு இது இஞ்சின் இல்ல, சில்வண்டுன்னு சொல்லிக்குவேன். வெயில், மரம், மார்ட்சியா, குழந்தை... ஒவ்வொண்ணா வரும். தூங்கிடுவேன். இப்ப நிஜமாவே இங்க இருக்கேனா, அங்க படுத்துக்கிட்டு நினைச்சுக்கறேனான்னு சந்தேகமா இருக்கு.

மார்ட்சியா: இரு, கிள்ளறேன்.

சவேரியோ: ஆ! இருக்கேன், இருக்கேன்.

ரொசாலியா: ம்ம்... ங்ங்...

மார்ட்சியா: போச்சு. முழிச்சுட்டா.

நெல்லோ: இந்தா மச்சான், வாங்கிக்க. சீக்கிரம், என்னைப் பாக்கறதுக்குள்ள... நான் அந்தப் பக்கம் போறேன்.

சவேரியோ: எங்க ஓடறே? உக்காரு மண்டு. வா, என் மூச்சே, வா. தூங்கினியா? கன்னத்துல மச்சான் சட்டை பட்டன் பதிஞ்சிருக்கு பாரு. முழுநிலா மாதிரி.

ரொசாலியா: த்தா... த்த்...

சவேரியோ: சொல்லு. அப்பாவைப் பாத்துச் சொல்லு. பப்பாஆ.

ரொசாலியா: ப்ப்ப்...

சவேரியோ: அதான்! அதான்! பப்பாஆ...

ரொசாலியா: பப்பா!

சவேரியோ: கேட்டியா! மார்ட்சியா, கேட்டியா? மச்சான், கேட்டியா நீ?

மார்ட்சியா: ம்... கேட்டேன்.

நெல்லோ: தெளிவா சொன்னா மச்சான். எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு.

சவேரியோ: இன்னொரு தடவை, என் தங்கமே! பப்பாஆ!

ரொசாலியா: பப்பா! பப்பா!

சவேரியோ: ரெண்டு தடவை சொல்லிட்டா! நான் நாளைக்குக் கப்பல்ல போய்... ஏன் மார்ட்சியா தலையைக் குனிஞ்சுக்கறே?

மார்ட்சியா: சந்தோஷம்டா. சும்மா.

சவேரியோ: இல்ல. நீ பழத்தைப் பாக்கறே.

மார்ட்சியா: நானா?

சவேரியோ: இவளும் பழத்தைத்தான் பாக்கறா. மச்சான், அந்தப் பழத்தை எடுத்து உன் முதுகுக்குப் பின்னால வை.

நெல்லோ: எதுக்கு மச்சான், விடேன்...

சவேரியோ: வைடா... சரி. இப்ப சொல்லு கண்ணு. யாரு இது? பப்பாஆ.

ரொசாலியா: ...

சவேரியோ: இப்ப பழத்தைக் காட்டு.

ரொசாலியா: பப்பா! பப்பா! பப்பா!

சவேரியோ: ம்.

மார்ட்சியா: சவேரியோ...

சவேரியோ: பப்பாங்கறதை முன்னால அழுத்தினா சோறு. கடைசில இழுத்தா அப்பா. இந்தப் பாஷையைக் கண்டுபிடிச்சவனை உதைக்கணும். என் பொண்ணு எனக்குச் சோறு போடறா, அவ்வளவுதான். வெட்டு மச்சான் பழத்தை. அவ கேக்கறா, நாம பேசிட்டிருக்கோம்.

நெல்லோ: இருக்கறதுலயே நடுத்துண்டு இவளுக்கு. கொட்டையை எடுத்துட்டேன். நீயே ஊட்டு.

சவேரியோ: வாயைத் திற... பாரேன், சாறு முழங்கை வரைக்கும் ஓடுது. மார்ட்சியா, எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நல்ல பழம். தின்னு.

மார்ட்சியா: இன்னும் நாளைக்குக் காலை இருக்கு. சொல்லுவா. எழுந்ததும் சொல்லுவா.

சவேரியோ: சொல்லுவா, சொல்லுவா. மச்சான் எங்க பதுங்கிப் போறான் பாரு, கால் நுனியில.

நெல்லோ: சேர் எடுத்துட்டு வரலாம்னு...

ரொசாலியா: பாப்போ!

மார்ட்சியா: ஐயோ.

ரொசாலியா: பாப்போ!

சவேரியோ: கேட்டுச்சா? உன்னைத்தான் கூப்பிடறா, மண்டு! எங்க போறே? வா இங்க!

நெல்லோ: இல்ல, சேர்...

சவேரியோ: சேர் எங்கயும் போகாது. மண்டுன்னு ஒரு பொண்ணு மரியாதையாக் கூப்பிட்டா வரணும். வா.

நெல்லோ: வந்துட்டேன், வந்துட்டேன்.

ரொசாலியா: பாப்போ.

சவேரியோ: பாரு, ஒட்டிக்கறா. என் சட்டையிலயும் பழம், உன் சட்டையிலயும் பழம். இப்ப எல்லாரும் ஒரே குடும்பம்.

மார்ட்சியா: குடு இவளை இங்க. தலையெல்லாம் பிசுபிசுன்னு. கழுவிக் கூட்டிட்டு வர்றேன். வெயில்ல காஞ்ச தண்ணி வாளியில இருக்கு.

சவேரியோ: காதுக்குப் பின்னால பாரு, ரெண்டு கொட்டை இருக்கு.

மார்ட்சியா: உன் தாடியிலயும் இருக்கு. அண்ணா, நான் வர்றதுக்குள்ள நீ எதையும்... பேசாம பழம் தின்னுட்டு இரு.

நெல்லோ: சரி.

சவேரியோ: எதைப் பேசாம?

நெல்லோ: ஒண்ணுமில்ல.

சவேரியோ: இன்னிக்கு ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவை ஆச்சு. அங்க பாரு. வாளித் தண்ணில கையை அடிக்கறா. இங்க இருந்து பாத்தா அந்தத் தண்ணி மேல எழும்பி அப்படியே நிக்குது. கண்ணாடி மணி மாதிரி.

நெல்லோ: மச்சான்.

சவேரியோ: ம்.

நெல்லோ: நான் செப்டம்பர்ல அரெஸ்ஸோ போறேன். அங்க டிப்போ. மார்ட்சியா சொல்ல வேண்டாங்கறா. எனக்கு உன்கிட்ட மறைக்க முடியல.

சவேரியோ: அரெஸ்ஸோவா? உனக்கு அங்க யாரு இருக்கா?

நெல்லோ: யாரும் இல்ல.

சவேரியோ: சம்பளம் கூடவா?

நெல்லோ: அதேதான்.

சவேரியோ: மலையேறி மலையிறங்கி பஸ் ஓட்டணும். உனக்கு லிவோர்னோவுல கடல் ஓரமா ஓட்டியே தலை சுத்தும். எதுக்குப் போறே?

நெல்லோ: மாறுதலா இருக்கட்டும்னு.

சவேரியோ: மாறுதல். சரி. சாயங்காலம் காப்பகத்துக் கதவுல யாரு நிப்பாங்க?

நெல்லோ: ஒரு அம்மா கிடைப்பாங்க. பாத்துக்கலாம்.

சவேரியோ: அந்த அம்மாவைப் பாத்து இவ என்ன சொல்லிக் கூப்பிடுவா?

நெல்லோ: ஏதாவது... அவங்க பேரைச் சொல்லி.

சவேரியோ: பாப்போன்னு கூப்பிட முடியாதுல்ல.

நெல்லோ: ஏன்... மண்டுன்னு யாரை வேணாலும் கூப்பிடலாமே.

சவேரியோ: மச்சான், என் மூஞ்சியைப் பாரு. பழத்தைப் பாக்காதே. உன் தங்கச்சியைக் கட்டி ஏழு வருஷம் உங்க ஊர்ல வாடகைக்கு இருக்கேன். எங்க மாடியில நாலு பசங்க. தினம் படியில "பாப்போ, பாப்போ"ன்னு கத்திக்கிட்டுதான் ஓடுவானுங்க. எனக்குத் தெரியாதா? தின்னு. கையில வெச்சுக்கிட்டே இருக்கே, ஒழுகுது.

நெல்லோ: எப்ப... எப்ப தெரிஞ்சுது உனக்கு?

சவேரியோ: ஏப்ரல்ல. போன் பேசிட்டிருந்தேன். மார்ட்சியா அடுப்புல என்னமோ பொங்குதுன்னு போனை மேஜைமேல சாய்ச்சு வெச்சுட்டுப் போனா. எனக்குக் கூரை மட்டும் தெரியுது. நம்ம வீட்டுக் கூரையில அந்த ஈரக்கறை இருக்கே, அதைப் பாத்துட்டிருக்கேன். கதவு திறக்கற சத்தம். அப்புறம் என் பொண்ணு குரல், "பாப்போ!"

நெல்லோ: மாதாவே.

சவேரியோ: என்னைத்தான்னு நினைச்சேன் மச்சான். சத்தியமா. உங்க ஊர்க் குழந்தை உங்க ஊர் மாதிரிதானே கூப்பிடும், எனக்கு அதுபோதும்னு நினைச்சேன். "இதோ இருக்கேன்"னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உன் குரல் கேட்டுச்சு. "இதோ வந்துட்டேன்."

நெல்லோ: நான் சொல்லியிருக்கக்கூடாது.

சவேரியோ: சிக்னல் போச்சுன்னு போனை வெச்சுட்டு மேல்தளத்துக்குப் போயிட்டேன். எல்லார்மேலயும் கோபம். உன்மேல, மார்ட்சியாமேல, எங்க கம்பெனிமேல, கடல்மேல. கையில இருந்த கையுறையைத் தூக்கித் தண்ணில எறிஞ்சேன். அதுக்கும் என்னைத்தான் திட்டினாங்க.

நெல்லோ: அடிச்சிருந்தாக்கூட நான் வாங்கியிருப்பேன். வந்த அன்னிக்கே என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

சவேரியோ: கை வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தக் குரல் காதுல நின்னுடுச்சு, மச்சான். அவ குரல் இல்ல, உன்னுது. "இதோ வந்துட்டேன்." யோசிச்சுப் பாத்தேன், அவ கூப்பிட்டு யாருமே அப்படிச் சொல்லலேன்னா? கூரையைப் பாத்துக்கிட்டு நான் எத்தனை தடவை சொன்னாலும் அவகிட்ட வந்து நிக்க முடியாதுல்ல. அரெஸ்ஸோக்கு எழுதிக் குடுத்தாச்சா?

நெல்லோ: வாயால சொல்லியிருக்கேன்.

சவேரியோ: வாயாலயே வேண்டாம்னு சொல்லு. அவ கூப்பிடறப்ப நீ அங்க இருக்கணும். என்னை அவ பேரு சொல்லிக் கூப்பிடட்டும், கப்பல்னு கூப்பிடட்டும், சோறுன்னே கூப்பிடட்டும். வலிக்குது. வலிக்கலேன்னு சொல்லல. அது என்னோட கணக்கு.

நெல்லோ: நிஜமாவே எல்லாம் தெரிஞ்சுதான் இருந்தியா நீ? அப்ப வந்த அன்னிக்கு எதுக்குடா அப்படி விழுந்து விழுந்து சிரிச்சே? மண்டுங்கறா மண்டுங்கறான்னு?

சவேரியோ: வேற என்ன செய்யச் சொல்றே? நீ பெட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னே, முதுகைக் காட்டிக்கிட்டு. அவ கூப்பிடறா. மறுபடி கூப்பிடறா. என் கையிலதானே இருந்தா, எனக்குத் தெரிஞ்சுது, கீழுதடு பிதுங்க ஆரம்பிச்சுடுச்சு. நான் நிக்கறேன்னு நீ திரும்ப மாட்டேங்கறே. அப்பான்னு கூப்பிட்டா நீ எப்படித் திரும்புவே, மச்சான்? மண்டுன்னு கூப்பிட்டா திரும்பலாம்ல.